கருவுற்றதும் மருந்தை நிறுத்தலாமா? லூபஸ் உள்ள தாய்மாரும் தொற்று அபாயமும்

எங்கள் மூட்டுவாத நோய்ப் பிரிவில் லூபஸ் நோயாளிகளின் குடும்பத்தினர் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது: “பெண் கருவுற்றிருக்கிறாள், இனி மாத்திரைகளை நிறுத்திவிடலாம் அல்லவா?” பல நேரங்களில் கேள்வி எங்களை வந்தடையும் முன்பே மாத்திரை நின்றுபோயிருக்கும். மாமியாரோ தாயாரோ அண்டை வீட்டாரோ சொல்லியிருப்பார்கள்; சில வேளைகளில் மருந்துக்கடையில் இருப்பவரும் சொல்லியிருப்பார். வயிற்றில் வளரும் குழந்தைக்கு எந்த மருந்தும் ஆகாது என்ற அச்சம் அன்பிலிருந்து பிறப்பது. அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் அந்த முடிவு தாய்க்கும் குழந்தைக்கும் நன்மை செய்வதில்லை என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு உண்டு.

லூபஸ் உள்ள பெண் கருவுறும்போது கடுமையான நோய்த்தொற்றுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட அதிகம். அந்த வாய்ப்பைக் கூட்டுவதில் இரண்டு பழக்கங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒன்று, மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துவது. மற்றொன்று, காய்ச்சல் வந்தபின் “இரண்டு நாள் பார்ப்போம்” என்று காத்திருப்பது. இரண்டையும் தவிர்க்க இயலும். அதற்குக் குடும்பமும் மருத்துவமனையும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வழி நாங்கள் முன்வைக்கும் கருத்து.

தொற்று ஏன் எளிதில் பற்றுகிறது?

லூபஸ் ஒரு தன்னுடல் தாக்கு நோய். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காப்பாற்றல் திசைமாறி, தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்த அணுக்கள் முதலிய சொந்த உறுப்புகளையே தாக்குகிறது. இந்நோய் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் மகப்பேற்றுக்குரிய வயதினர். ஆகவே லூபஸும் கர்ப்பமும் சந்திப்பது அரிய நிகழ்வன்று.

“காப்பாற்றல் அதிகமாக வேலை செய்யும் நோய் என்றால், கிருமிகளையும் அது நன்றாக எதிர்க்கத்தானே வேண்டும்?” என்று சிலர் வினவுவர். நியாயமான வினாதான். ஆனால் தன் உடலைத் தாக்கும் அந்த ஆற்றல் கிருமிகளின் முன் தடுமாறுகிறது. நோய் சீற்றம் கொண்டிருக்கும்போது இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைகின்றன. கிருமிகளை அழிக்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் செலவழிந்துவிடுகின்றன. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால் பயனுள்ள எதிர்ப்புப் புரதங்களும் சிறுநீருடன் வெளியேறுகின்றன. எனவே மருந்தே உட்கொள்ளாத நிலையிலும் சீற்றம் கொண்ட லூபஸ் தொற்றுக்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

இரண்டாவது காரணம் சில மருந்துகள். ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த பிரெட்னிசோலோன் நோய்ச் சீற்றத்தை விரைவில் அடக்கும். ஆனால் அதன் அளவு கூடக்கூடத் தொற்று அபாயமும் கூடும். இரத்தச் சர்க்கரையையும் அது உயர்த்தும். உயர்ந்த சர்க்கரை கிருமிகளுக்குத் துணைபோகும்.

மூன்றாவது காரணம் கர்ப்பம். கருப்பை வளரும்போது சிறுநீர்க் குழாய்கள் அழுத்தப்படுகின்றன. கர்ப்பகால இயக்குநீர்களால் அவை தளர்கின்றன. சிறுநீர் தேங்குவதால் கிருமிகள் சிறுநீரகம் வரை ஏறுவது எளிதாகிறது. உதரவிதானம் மேலே தள்ளப்படுவதால், நுரையீரலில் தொற்று ஏற்பட்டால் மூச்சுத் திணறல் விரைவில் வருகிறது. 2009-ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய பன்றிக்காய்ச்சல் கருவுற்ற பெண்களை மிகக் கடுமையாகத் தாக்கியதை மருத்துவ உலகம் மறக்கவில்லை.

அமெரிக்க மருத்துவமனைகளில் 2000 முதல் 2003 வரையிலான மகப்பேற்றுச் சேர்க்கைகளை ஆராய்ந்த பெரிய ஆய்வொன்று 2008-இல் வெளியானது. லூபஸ் உள்ள தாய்மாரிடம் தொற்று உள்ளிட்ட சிக்கல்கள் மற்றத் தாய்மாரைவிடப் பல மடங்கு மிகுதியாகக் காணப்பட்டதை அது எடுத்துக்காட்டியது. இதைப் படித்து எவரும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வு, லூபஸ் அடங்கியோ மிதமாகவோ இருந்த நிலையில் கருவுற்ற 385 பெண்களைப் பின்தொடர்ந்தது. அவர்களில் ஏறத்தாழ 81 விழுக்காட்டினருக்குக் கர்ப்பத்தில் பெருஞ்சிக்கல் எதுவும் நேரவில்லை. இரு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே: நோய் அடங்கியிருக்கும்போது கருவுற்று, அது அடங்கியபடியே பேறுகாலத்தைக் கடந்தால், பெரும்பாலான தாய்மார் நலமாகக் குழந்தை பெறுகிறார்கள்.

மருந்தை நிறுத்திய பின் நடப்பது

மருந்தை நிறுத்தினால் தொற்று குறையும் என்ற எண்ணம் எவ்வாறு பொய்க்கிறது என்பதை விளக்க, நாங்கள் திரும்பத் திரும்பக் காணும் ஒரு வரிசையைக் கூறுகிறோம். இது எந்தத் தனி நோயாளியின் கதையும் அன்று.

கர்ப்பம் உறுதியானதும் எல்லா மாத்திரைகளும் நிறுத்தப்படுகின்றன. முதற்சில வாரங்கள் எதுவும் தெரிவதில்லை. “பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறாள்” என்று வீட்டார் மகிழ்கிறார்கள். மூன்று நான்கு மாதங்களில் மூட்டு வலியும் முகத்தில் சிவப்பும் திரும்புகின்றன. கால்கள் வீங்குகின்றன, கர்ப்பத்தில் வீக்கம் இயல்புதானே என்று அது விடப்படுகிறது. சிறுநீரில் புரதம் நுரைத்து வெளியேறும் நிலையில் மருத்துவமனைக்கு வருகிறார்கள். இப்போது சிறுநீரகத்தைக் காக்க ஸ்டீராய்டை உயர்ந்த அளவில் தருவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. நாளொன்றுக்கு 5 மில்லிகிராமில் அடங்கியிருக்க வேண்டிய பெண் 40 மில்லிகிராம் உட்கொள்ள நேர்கிறது. அடுத்த சில வாரங்களில் சிறுநீர் எரிச்சல் தொடங்கி, நடுக்கக் காய்ச்சலாகி, சிறுநீரகத் தொற்றாக முடிகிறது. கடுங்காய்ச்சலாலும் தொற்றாலும் குறைமாதத்தில் வலி எடுக்கிறது.

இந்த வரிசையின் முதற்கண்ணி கிருமியா? இல்லை, நிறுத்தப்பட்ட மாத்திரை. குழந்தையைக் காப்பதற்காகத் தவிர்த்த சிறிய அளவு மருந்துக்கு ஈடாக, பலமடங்கு பெரிய அளவு மருந்தையும் அதனுடன் தொற்றையும் குழந்தை சந்திக்க வேண்டியதாகிறது.

எல்லா மருந்தும் ஒன்றல்ல

“அப்படியானால் எல்லா மருந்தையும் கர்ப்பத்தில் சாப்பிடலாமா?” என்று கேட்டால், இல்லை என்பதே விடை. லூபஸுக்குத் தரப்படும் மருந்துகளைக் கர்ப்பத்தை முன்னிட்டு இரு வகையாகப் பிரிக்கலாம்.

தொடர வேண்டியவற்றுள் முதன்மையானது ஹைட்ராக்சிகுளோரோகுயின். மலேரியாவுக்கு வந்த மருந்து என்பதாலும், 2020-இல் கொரோனாவை ஒட்டி அதைப் பற்றி எழுந்த செய்திகளாலும் பலர் இதைக் கண்டு அஞ்சுகின்றனர். கர்ப்பகாலத்தில் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவரும் மருந்து இது. வேறு காரணத்தால் ஒவ்வாத சிலரைத் தவிர, லூபஸ் உள்ள எல்லாக் கர்ப்பிணிகளும் இதைத் தொடர வேண்டும் என்றே ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாத மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. நோயை அடக்கும் மற்ற மருந்துகள் பலவற்றைப் போல இது தொற்று அபாயத்தைக் கூட்டுவதில்லை. இதை உட்கொள்ளும் லூபஸ் நோயாளிகளிடம் கடுந்தொற்று குறைவாக இருப்பதையே பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அளவு உடல் எடைக்கு ஏற்ப அமையும். நெடுநாள் உட்கொள்வோர் மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அசாதயோபிரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றையும் தேவையுள்ளவர்களுக்கு மருத்துவர் மேற்பார்வையில் தொடரலாம். பிரெட்னிசோலோனை இயன்ற அளவு குறைத்துத் தருவோம். நஞ்சுக்கொடி அதன் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடுவதால் குழந்தையைச் சென்றடைவது சிறுபங்கே.

மாற்ற வேண்டியவையும் உண்டு. மைக்கோஃபெனலேட், சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட் ஆகியவை கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியவை. மைக்கோஃபெனலேட்டைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே நிறுத்தி, பாதுகாப்பான மாற்று மருந்துக்கு மாற வேண்டும். மாறிய பின்னும் நோய் அடங்கியிருக்கிறதா என்று சில மாதங்கள் கவனிக்க வேண்டும். ஆகவேதான் நோய் குறைந்தது ஆறு மாதங்களாவது அடங்கியிருந்த பின்னரே கருத்தரிக்குமாறு அறிவுறுத்துகிறோம். இம்மருந்துகளை உட்கொள்ளும்போது எதிர்பாராமல் கருவுற்றால், அச்சத்தில் எல்லாவற்றையும் தூக்கி எறியாமல் அன்றே எங்களை அழையுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அன்றே சொல்வோம்.

திருமணமான புதிதில் “எப்போது நல்ல செய்தி?” என்று கேட்கும் உறவினர்களுக்கு இந்த ஆறு மாதக் காத்திருப்பு புரிவதில்லை. நோயை மறைத்து மணம் முடித்த வீடுகளில் மாத்திரையைக்கூட மறைத்து உண்ண வேண்டிய நிலையில் பெண்கள் இருக்கிறார்கள். கணவரும் அவர் பெற்றோரும் நோயைப் பற்றி அறிந்திருப்பதே மிகப் பெரிய பாதுகாப்பு என்று நாங்கள் கருதுகிறோம். அந்தப் பேச்சைத் தொடங்குவது கடினமாக இருந்தால், அவர்களை அழைத்து வாருங்கள், நாங்கள் பேசுகிறோம்.

காய்ச்சலுக்குக் காத்திருப்பு வேண்டாம்

லூபஸ் உள்ள கர்ப்பிணிக்குக் காய்ச்சலோ சோர்வோ வந்தால், அது தொற்றாக இருக்கலாம். நோய்ச் சீற்றமாகவும் இருக்கலாம். வீக்கம், தலைவலி, தட்டணுக்கள் குறைதல் ஆகியவை சேர்ந்தால் பேறுகால இரத்த அழுத்த நோயாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருத்துவம் வேறு வேறு. தொற்றைச் சீற்றம் என்று எண்ணி ஸ்டீராய்டைக் கூட்டினால் கிருமி பெருகும். சீற்றத்தைத் தொற்று என்று எண்ணிக் கிருமிக்கொல்லி மருந்தை மட்டும் தந்தால் சிறுநீரகம் பாழாகும். இரத்த அணுக்கள், சி-ரியாக்டிவ் புரதம், காம்ப்ளிமென்ட் அளவு, சிறுநீர்ப் பரிசோதனை, கல்ச்சர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே இவற்றை வேறுபடுத்த இயலும். வீட்டில் கையைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யும் செயலன்று இது.

ஆகவே 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ், அல்லது அதற்கு மேல் வெப்பம் இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். வழியில் பாரசிட்டமால் உட்கொள்வதில் தவறில்லை. அது காய்ச்சலைத் தணித்துவிட்டது என்பதற்காக வராமல் இருந்துவிடுவதே தவறு. ஸ்டீராய்டு உட்கொள்பவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வெளிப்படாமல் போகலாம். எனவே நடுக்கம், மூச்சுத் திணறல், சிறுநீர் எரிச்சல், விலாவின் பின்புற வலி, கெட்ட வாடையுடன் வெள்ளைப்படுதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் வெப்பமானியைப் பார்த்து அமைதி கொள்ள வேண்டாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

மூன்று தற்காப்புகளை மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, பல வாரங்களாகப் பிரெட்னிசோலோன் உட்கொள்பவர் காய்ச்சலின்போதும் வாந்தியின்போதும் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது. உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு குறைந்திருக்கும் நிலையில், இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும். மாத்திரை வயிற்றில் தங்கவில்லையெனில் ஊசியாகத் தர வேண்டும். இரண்டாவது, வேறு சில மருந்துகளைத் தொற்றின்போது தற்காலிகமாக நிறுத்த நேரலாம். எவற்றை என்று மருத்துவரே முடிவு செய்வார். மூன்றாவது, கிருமிக்கொல்லி மருந்தைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம். சல்ஃபா வகை மருந்துகள் லூபஸ் உள்ள பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. டாக்சிசைக்ளின் போன்றவை கர்ப்பத்தில் தவிர்க்கப்பட வேண்டியவை.

நம் ஊரில் கவனிக்க வேண்டிய தொற்றுகள்

மிகப் பொதுவானது சிறுநீர்த் தொற்று. எரிச்சலே இல்லாமல் சிறுநீரில் கிருமி வளர்வது கர்ப்பத்தில் உண்டு. அதைக் கண்டறிந்து மருந்து கொடுக்காவிட்டால் அது சிறுநீரகத்தை எட்டலாம். ஆகவே “எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே, கல்ச்சர் எதற்கு?” என்று பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

அடுத்தது காசநோய். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். ஸ்டீராய்டு உட்கொள்ளும் பெண்ணின் உடலில் உறங்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளக்கூடும். இருமல், மாலைக் காய்ச்சல், கழுத்தில் நெறிக்கட்டி, எடை கூடாமை ஆகியவை தென்பட்டால் இரண்டு வாரம் காத்திராமல் தெரிவியுங்கள். தேவைப்படும்போது எடுக்கப்படும் மார்பு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு குழந்தையை எட்டும் அளவு மிகமிகக் குறைவு. காசநோய்க்கான முதன்மை மருந்துகளைக் கர்ப்பத்திலும் தரலாம். அரசு அவற்றை இலவசமாக வழங்குகிறது. ஆனால் அவற்றுள் ஒன்றான ரிஃபாம்பிசின் பிரெட்னிசோலோனின் வீரியத்தைக் குறைக்கும். எனவே லூபஸ் மருத்துவரும் காசநோய் மருத்துவரும் ஒருவரையொருவர் கலந்தே செயல்பட வேண்டும்.

மழைக்காலத்தில் டெங்கு. தட்டணுக்கள் குறைவது டெங்குவிலும் உண்டு, லூபஸிலும் உண்டு. பேறுகால இரத்த அழுத்த நோயைத் தடுப்பதற்காக லூபஸ் உள்ள கர்ப்பிணிகள் பலருக்குச் சிறிய அளவில் ஆஸ்பிரின் தருகிறோம். டெங்கு ஐயம் எழும்போது, ஆஸ்பிரின் உட்கொள்வதைப் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். வீட்டில் இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொட வேண்டாம்.

சின்னம்மையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவதையும் அம்மனை வழிபடுவதையும் நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் அம்மைக்கு மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்ற விலக்கு, லூபஸ் உள்ள கர்ப்பிணியின் உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு அம்மை நுரையீரல் வரை பரவக்கூடும். கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது பிறருக்குத் தொற்றும். வீட்டிலோ தெருவிலோ அம்மை கண்டவருடன் பழகியது தெரிந்தால், கொப்புளம் தோன்றும்வரை காத்திராமல் அன்றே தெரிவியுங்கள். முன்பு அம்மை வந்திருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் காப்பு ஊசியோ வைரஸ் எதிர்ப்பு மருந்தோ தர இயலும். காலம் கடந்தால் காப்பு ஊசியால் பயனில்லை.

உணவிலும் கவனம் தேவை. உடல் தேறும் என்று பச்சை முட்டை கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. லூபஸ் உள்ளவர்களை சால்மோனெல்லா கிருமி கடுமையாகத் தாக்கவல்லது. முட்டையும் இறைச்சியும் முழுமையாக வேக வேண்டும். பால் காய்ச்சியதாக இருக்க வேண்டும். பச்சையாக உண்ணும் காய்கனிகளை நன்கு கழுவ வேண்டும்.

தடுப்பூசியும் அச்சமும்

“ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் கோளாறு; ஊசி போட்டால் இன்னும் கெடாதா?” என்ற ஐயம் பரவலாக உள்ளது. உயிரற்ற கிருமிகளாலான தடுப்பூசிகள் லூபஸ் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானவை. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போட்டுக்கொள்ளலாம். டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் ஆகிய மூன்றையும் தடுக்கும் ஊசியைக் கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரங்களுக்குள் போட்டுக்கொண்டால், தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையையும் அடைந்து முதற்சில மாதங்களில் காக்கும். நிமோனியா, ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசிகளைக் கருத்தரிப்பதற்கு முன்பே போட்டுக்கொள்வது நன்று. சின்னம்மை, தட்டம்மை போன்ற நோய்களுக்கான உயிர்க்கிருமித் தடுப்பூசிகள் கர்ப்பத்தில் கூடா. தாய்க்கு மட்டுமன்றி, உடன் வாழும் கணவருக்கும் பெரியவர்களுக்கும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போடுவது அவரைச் சுற்றி ஒரு வேலி அமைப்பதாகும்.

வளைகாப்புக்குப் பிறகு யார் பொறுப்பு?

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். லூபஸ் உள்ள பெண்ணைப் பொறுத்தவரை, மருத்துவக் கண்காணிப்பு மிக நெருக்கமாக இருக்க வேண்டிய ஏழாம், எட்டாம் மாதங்களில்தான் ஊரும் மருத்துவரும் மாறுகின்றனர். புதிய ஊரின் மருத்துவரிடம் பழைய பரிசோதனை முடிவுகள் இருப்பதில்லை. ஆறு மாதமாக எந்த மருந்து எந்த அளவில் இருந்தது என்பது அவருக்குத் தெரிவதில்லை. மாத்திரை தீர்ந்தால் அந்தச் சிற்றூரில் கிடைப்பதுமில்லை.

வழக்கத்தைக் கைவிடுமாறு நாங்கள் கேட்கவில்லை. தாயின் அருகில் இருப்பது பெண்ணுக்குத் தரும் ஆறுதலை எந்த மருந்தும் தராது. ஆனால் புறப்படும் முன் எங்களிடம் வந்து, மருந்துகளின் பெயரும் அளவும், சிறுநீரகத்தின் நிலை, இரத்த அழுத்தம், போட்ட தடுப்பூசிகள், காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியவை ஆகிய அனைத்தும் அடங்கிய கடிதத்தைப் பெற்றுச் செல்லுங்கள். இரண்டு மாதங்களுக்கான மாத்திரைகளைக் கையில் வைத்திருங்கள். அந்த ஊரில் எந்த மருத்துவமனையில் மகப்பேறு, எவ்வளவு தொலைவு என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் லூபஸ் என்ற பெயரைச் சொல்லிவையுங்கள். வளைகாப்பு விழாவிலும், இருமலோ காய்ச்சலோ உள்ளவர்கள் அடுத்த நாள் வந்து வாழ்த்தட்டும். அதைச் சொல்ல வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்வந்தால், கர்ப்பிணிக்குச் சங்கடம் இராது.

பொறுப்பைக் குடும்பத்தின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு மருத்துவமனைகள் விலகிக்கொள்ள முடியாது என்பதும் எங்கள் கருத்து. லூபஸ் உள்ள கர்ப்பிணி மகப்பேறு மருத்துவரை ஒரு நாளும், மூட்டுவாத மருத்துவரை மற்றொரு நாளும், சிறுநீரக மருத்துவரை வேறொரு நாளும் பார்த்து, மூவர் சொன்ன மூன்று அறிவுரைகளைத் தானே கோத்துக்கொள்ள வேண்டிய நிலை மாற வேண்டும். மூவரும் ஒரே கோப்பில் எழுத வேண்டும். இயன்ற இடங்களில் ஒரே நாளில் பார்க்க வேண்டும். காய்ச்சலுடன் வரும் லூபஸ் கர்ப்பிணியைப் புறநோயாளர் வரிசையின் கடைசியில் நிறுத்தாமல் உடனே பார்க்கும் ஏற்பாடு, மகப்பேறு நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்க வேண்டும். “அன்றே வாருங்கள்” என்று நோயாளியிடம் சொல்லும் நாங்கள், அன்றே பார்ப்பதற்கும் கடமைப்பட்டவர்கள். அதைக் கேட்டுப் பெறுவதற்கு நோயாளிகள் தயங்க வேண்டியதில்லை.

பேறுகாலத்துக்குப் பின்பும் கவனம் தளரக் கூடாது. மகப்பேற்றை அடுத்த வாரங்களில் நோய்ச் சீற்றம் வரலாம். சிசேரியன் புண்ணிலும் கருப்பையிலும் மார்பகத்திலும் தொற்று வரலாம். வீட்டிலுள்ள அனைவரின் கண்களும் குழந்தையின் மீதே இருக்கும் அந்நாட்களில், தாயின் காய்ச்சலைப் “பால்கட்டு” என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஹைட்ராக்சிகுளோரோகுயின், அசாதயோபிரின், குறைந்த அளவுப் பிரெட்னிசோலோன் ஆகியவற்றை உட்கொண்டபடியே தாய்ப்பால் கொடுக்கலாம். பால் கொடுப்பதற்காக மாத்திரையை நிறுத்துவது, கர்ப்பத்தில் தவிர்த்த அதே தவற்றைக் கடைசிப் படியில் செய்வதாகும்.

லூபஸ் உள்ள பெண்களைத் தாய்மையிலிருந்தே விலக்கி வைத்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் தடை தளர்ந்ததற்கு மருந்துகளும் கண்காணிப்பும் காரணம். அவற்றைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, அந்தப் பயனை மட்டும் எதிர்பார்க்க இயலாது. இந்த இதழைப் படிக்கும் வீட்டில் லூபஸ் உள்ள பெண் ஒருவர் இருந்தால், இன்று மூன்று செயல்களைச் செய்யுமாறு வேண்டுகிறோம். அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கோப்பின் முதற்பக்கத்தில் வையுங்கள். எங்கள் பிரிவின் தொலைபேசி எண்ணைக் கணவர், தாயார், மாமியார் ஆகிய மூவரின் கைபேசியிலும் பதிந்துவையுங்கள். ஒரு வெப்பமானி வாங்கி, அதைப் பார்க்கும் முறையை வீட்டில் இருவராவது கற்றுக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தும் எண்ணம் எழும் நாளில், நிறுத்துவதற்கு முன் அந்த எண்ணை அழையுங்கள்.